பின்னால் திரும்பிய காது

நம் ராணுவப் பிரிவின் வாகனக் குறியைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய ஆதாரம் ஒற்றைத் தட்டச்சுத் தாள். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. அதில் தலைப்பு இல்லை, கையெழுத்து இல்லை. என்னை இன்றுவரை உறுத்தும் குறை, தேதியும் இல்லை. நிலையான உத்தரவுக்குத் தேதி எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ. நான் சந்தித்த பழைய ஆட்கள் எல்லாரிடமும் கேட்டேன். ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள்.

தாளில் இருப்பது இவ்வளவுதான். குறியில் உள்ள கோவேறு கழுதை வண்டி போகும் திசையைப் பார்க்க வேண்டும். இடக்கதவில் இடப்பக்கம், வலக்கதவில் வலப்பக்கம். அதன் ஒரு காது முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் இருக்க வேண்டும். கண்காட்சிக்கோ பள்ளி விழாவுக்கோ வெளியாருக்காக வரைந்து கொடுத்தால் இரண்டு காதும் முன்னோக்கியே இருக்கட்டும். வண்டி பிரிவை விட்டுப் போகும்போது குறியின் மேல் பெயின்ட் பூசி மறைக்கக் கூடாது. தகரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும், அதுவும் பிரிவின் ஆள் ஒருவர் கையால்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்காகக் குறியின் பொருளை எழுதித் தரும்படி பிரிவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பொருளை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். நீலப் பின்னணி விடியலுக்கு முந்தைய வானம், நாம் வண்டியைக் கிளப்பும் நேரம். சக்கரம் கழுதைக்குப் பின்னால் இருக்கிறது, ஏனென்றால் லாரிகள் வருமுன் மலையில் சுமை தூக்கியது அதுதான். விலங்கு முன்னோக்கி இருப்பது நாம் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. பழைய ஐரோப்பியக் குதிரை வீரர்கள் குதிரையின் இரண்டு பக்கமும் தொங்கவிட்ட துணிகளில் சிங்கம் குதிரையின் தலைப்பக்கமே பார்த்தபடி இருந்தது. ஒரே அச்சை இரண்டு பக்கமும் பதித்தால் ஒரு பக்கத்தில் சிங்கம் ஓடிப்போவது போலத் தெரியும். மற்ற பிரிவுக்காரர்கள் நம்மைக் 'கழுதைப் படை' என்பார்கள். சிரித்துவிட்டுப் போங்கள். கழுதையை எடுத்துவிட்டுக் கழுகு வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் சிரிக்காதீர்கள்.

காதுக்குப் பொருள் சொல்ல ஒரு பத்தி போதாது.

வடக்கே ஒரு மலைப்பாதை. நாங்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தோம். பாதையை மூடப்போகிறார்கள், யாரும் எதற்கும் நிற்கக் கூடாது என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைசி வண்டி என்னுடையது. எனக்கு முன்னால் கலியமூர்த்தி, வரிச்சிக்குடிக்காரன். நான் கோவில்பத்து. ஊரில் பஸ் ஏறினால் கொஞ்ச தூரம். ஆனால் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டது அந்த மலையில்தான். மதியமே மூடுபனி இறங்கிவிட்டது. ஒரு வளைவில் பாதையின் விளிம்பு சரிந்து, என் லாரியின் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் நானும் லாரியும் கீழே. ஹாரன் அடித்தேன். பனி அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது.

கலியமூர்த்தி கண்ணாடியில் பார்த்திருக்கிறான். என் முகப்பு விளக்கைக் காணோம். உத்தரவை மீறி நடுப்பாதையில் நிறுத்திவிட்டான். அவன் விளக்கு தெரியாததால் அவனுக்கு முன்னால் போனவன் நின்றான். அவனுக்கும் முன்னால் போனவன் நின்றான். இப்படியே வரிசை முழுக்க நின்றுவிட்டது. கத்திக்கொண்டே நடந்துவந்த அதிகாரியிடம் அவன் சொன்னது ஒரே வாக்கியம்: "சாப், எனக்குப் பின்னாடி வண்டி இல்ல." சொல்லிவிட்டு இரும்புக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். என் கதவருகே அவன் முகம் தெரிந்தபோதும் என் கால் பிரேக்கில்தான் இருந்தது.

"கால எடுத்துறாத. நா வந்துட்டன்ல."

அந்தக் காது சொல்வது இதைத்தான். உன் பின்னால் வருபவனுக்கு நீ பொறுப்பு. நான் உயிரோடு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பதற்குக் காரணமும் அந்தக் காதுதான்.

இனி சொல்லப்போவது ஓய்வுக்குப் பிறகு, காரைக்காலில் நடந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் காலை காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. முன்னாள் படைவீரர் சங்கத்தில் நான் ஒரு பொறுப்பில் இருப்பதால், மிலிட்டரி சம்பந்தமான எதற்கும் என்னைக் கூப்பிடுவது வழக்கம். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. வேகமானவர், வாயும் வேகம். நிலைய முற்றத்தில் பச்சை பெயின்ட் அடித்த மூடிய வேன் ஒன்று நின்றது. எல்லைச் சோதனைச்சாவடியில் நிறுத்தச் சொன்னதும் ஓட்டியவன் இறங்கி வயலுக்குள் ஓடிவிட்டானாம். உள்ளே அரிசி மூட்டைகளுக்கு அடியில் மதுப் பெட்டிகள். எங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டினால் அந்தப் பெட்டிகளுக்கு என்ன மதிப்பு என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். வேனின் கதவில் நம் குறி.

சாராயம் கடத்தும் வண்டியில் நம் கழுதை.

"வாங்க சார். உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலதான்," என்றார் எஸ்.ஐ. "இது ஆர்மி வண்டியா, டுபாக்கூரா? டுபாக்கூர்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நா பாட்டுக்குக் கேஸப் போட்டுட்டுப் போயிடுவேன். இல்லன்னா டில்லிக்கு எழுதிப் போடணும். பதில் வரதுக்குள்ள நானே ரிட்டயர் ஆயிடுவேன்."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள், "சார், உங்க ஆளுங்க சின்னத்துல கழுதையா?" என்றார்.

"கோவேறு கழுதைங்க."

"அதான் சுமை ஜாஸ்தியா ஏத்திருக்கானுவோ."

எண் பலகையைப் பார்த்தேன். ராணுவ வண்டி எண்ணில் மேல்நோக்கி இருக்க வேண்டிய அம்பு பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. போலி. மனம் கொஞ்சம் இலேசானது. இடக்கதவில் கழுதை முன்னோக்கிப் பார்த்தது. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பாதி வாய்ப்பு யாருக்கும் உண்டு. வலப்பக்கம் போய்ப் பார்த்தால் அதே அச்சைப் பதித்திருப்பான், கழுதை பின்னோக்கி ஓடும், சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று வேனைச் சுற்றி நடந்தேன்.

வலக்கதவிலும் கழுதை முன்னோக்கியே பார்த்தது. அச்சு இல்லை, கையால் வரைந்தது. ஒரு காது முன்னால், ஒரு காது பின்னால். கடிவாளத்தின் முடிச்சுக்குக்கூட நிழல் கொடுத்திருந்தது. என் வாழ்நாளில் நான் பார்த்த மிக அழகான குறி அதுதான். கையை வேனின் மேல் ஊன்றிக்கொண்டேன். வெயிலில் தகரம் சுட்டது, எடுக்கத் தோன்றவில்லை.

இந்தப் பக்கத்தில் நம் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் இருவர்தான். ஒருவன் நான். எனக்கு நேர்க்கோடு போடவே வராது. மற்றவன் கலியமூர்த்தி, வண்டி ஓட்டியதுபோக மீதி நேரத்தில் பிரிவின் லாரிகளுக்கெல்லாம் குறி வரைந்தவன்.

"என்ன சார், இப்டி வேர்த்துக் கொட்டுது? யோவ், தண்ணி குடுங்கய்யா."

"வண்டி எங்களுது இல்ல மேடம். நம்பரும் போலி."

"அப்ப அத எழுதிக் குடுங்க, முடிஞ்சுது."

"சின்னத்தப் பத்தி ஒண்ணு விசாரிச்சுட்டு சாயங்காலம் எழுதித் தரேன்."

அவர் சிரித்தார். "வண்டியே போலிங்கறீங்க. சின்னம் மட்டும் ஒரிஜினலாவா இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மேஜையில் கலியமூர்த்தியின் மகள் நிவேதாவின் கோப்பு இருந்தது. ராணுவத்துக்குத் தேர்வாகியிருந்தாள். போலீஸ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. முந்தின வாரம் அவர்களோடு வந்து அந்தத் தாள்களைக் கொடுத்தவனே நான்தான். குடும்பத்தின் மேல் வழக்கு ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு எதிரே இருந்த கட்டம் இன்னும் காலியாக இருந்தது.

ஸ்கூட்டரை நேரே வரிச்சிக்குடிக்கு விட்டேன். கலியமூர்த்தி வரப்பில் நின்று, நடவாட்களுக்கு நாற்றுக்கட்டு வீசிக்கொண்டிருந்தான்.

"வாங்க சாப்! என்ன, ஹெல்மெட்டக்கூடக் கழட்டாம வயலுக்குள்ள வரீங்க? இங்க எந்த போலீசும் புடிக்க மாட்டாரு."

"யோவ், யாருக்காவது கழுத வரஞ்சியா?"

அவன் மறுப்பான், தடுமாறுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? எங்க பாத்தீங்க? எப்டி இருக்கு? கை இன்னும் போவலல்ல?"

அவனே சொன்னான். ஒரு பையன் வந்தானாம். அவனுடைய அப்பா நம் பிரிவில் டிரைவராக இருந்து மலையில் போய்விட்டாராம். கைக்குழந்தையாக இருந்தபோதே போனதால் முகமே நினைவில்லையாம். அப்பா ஓட்டிய வண்டியில் இருந்த சின்னம் தன் வண்டியிலும் இருக்க வேண்டும் என்று நின்றானாம்.

"பேரு கேட்டியா?"

"கேட்டேன், சொன்னான். எனக்கு ஞாபகம் இல்ல. நம்ம பிரிவுல எத்தன பேரு, எல்லாரயுமா தெரியும்? கூலி குடுத்தான், நா வாங்கல. சரோஜா சோறு போட்டா. ரெண்டு நாளு ஒக்காந்து வரஞ்சேன்."

"வெளியாளுக்குக் காது ரெண்டும் முன்னாடிதானய்யா? உனக்குத் தெரியாதா?"

"அவன் வெளியாளா? செத்துப்போன நம்ம ஆளோட புள்ள. அவனுக்குப் போயி காத நிமித்தி வரையச் சொல்றீங்களா? கை வராதுங்க."

நான் சொன்னேன். வேன், சாவடி, அரிசி மூட்டை, பெட்டிகள். அவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்தான். சேறு முகமெல்லாம் அப்பியது. நடவுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த மலையில் இரும்புக் கயிற்றோடு ஓடிவந்தபோதுகூட அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி சரோஜா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அண்ணே, வண்டி போலிதான?"

"போலிதாம்மா."

"போலின்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும்."

"அப்ப எழுதிக் குடுங்க. அதுல பொய்யி ஒண்ணும் இல்லயே. ஒரு கழுதக் காதுக்காவ எம் பொண்ணு வேலையில மண்ணப் போட்டுறாதீங்க."

அவர் சொன்னதில் பிழை இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது நம் வேலையில் வந்த பழக்கம். வண்டி எங்களுடையதா? இல்லை. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த ஒரு வரியை மனதுக்குள் எழுதியும் முடித்துவிட்டேன். மலையில் எனக்காக வண்டியை நிறுத்தியவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன எழுதுவது?

"ஓட்டுனவனப் புடிச்சாங்களா?" என்றான் கலியமூர்த்தி.

"இல்ல. யாருன்னே தெரியல."

"எனக்குத் தெரியும். மொகம் தெரியும், சொன்ன கத தெரியும். நா பேசாம இருந்தா நாளைக்கு இதே கதைய இன்னொரு ஊருல, நம்மள மாரி இன்னொரு ஆளுகிட்ட போயிச் சொல்லுவான். அவனும் சோறு போட்டு வரஞ்சி குடுப்பான்."

"நிவேதா?" என்றார் சரோஜா.

அவன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். நிவேதா காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் ஓட்டப்பயிற்சியில் இருந்தாள், காற்று இரைந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். மூச்சு வாங்கியபடி அவள் கேட்டாள்: "நீங்க சொல்லலன்னா அவங்களுக்குத் தெரிய வருமாப்பா?"

"வராதும்மா."

"போயிட்டு வாங்க" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். சரோஜா உள்ளே போய்விட்டார்.

கிளம்பும்போது கலியமூர்த்தி பழைய சாமான்களுக்குள் தேடி, பெயின்ட் சுரண்டும் தகடு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டான். எதற்கென்று நான் கேட்கவில்லை.

நிலையத்தில் எஸ்.ஐ.யின் முன்னால் நின்று, "அந்தச் சின்னத்த நாந்தாங்க வரஞ்சேன்" என்றான். கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார், ஏதோ வேடிக்கை என்று நினைத்திருப்பார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவனை. முகத்தில் இருந்த வேகமெல்லாம் போய்விட்டது.

"உங்க பொண்ணு ஃபைல் என் மேஜ மேல இருக்குன்னு தெரியும்ல?"

"தெரியும்மா."

"தெரிஞ்சேவா வந்தீங்க?"

அவன் தகட்டை எடுத்துக் காட்டினான். "ஒரு ஒதவி செய்யணும். அத நானே சுரண்டிட்றேன். எங்க பழக்கம் அது. அர மணி நேரம் போதும்."

"என்னங்க நீங்க! அது எவிடன்ஸு. ஒரு கீறல் விழக் கூடாது."

தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். அதற்குமேல் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். வண்டி போலி, எண் போலி என்று எழுதினேன். குறி எல்லா வகையிலும் சரியானது, பிரிவின் ஆள் தவிர வேறு யாரும் இப்படி வரைய முடியாது என்று எழுதினேன். வெளியாருக்கென்றால் இரண்டு காதையும் முன்னோக்கியே வரைவது பிரிவின் வழக்கம். ஒரு காதைப் பின்னால் திருப்பியிருப்பதால், வரைந்தவர் இதை நம்மவரின் வண்டி என்று மனதார நம்பியே வரைந்திருக்கிறார் என்றும் எழுதினேன். அவனைக் காட்டிக்கொடுத்ததும் அந்தக் காதுதான். அவனுக்காகப் பேச என்னிடம் இருந்த ஒரே சாட்சியும் அதுதான்.

எஸ்.ஐ. படித்தார். "இத கோர்ட்டுல எப்டி சார் வாசிக்கிறது? கழுதக் காது திரும்பியிருக்கு, அதனால இவரு நல்லவரு, அப்டின்னா?"

"எனக்குத் தெரியல மேடம். ஆனா அதான் உண்மை."

அவர் நீண்ட நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கலியமூர்த்தியைச் சாட்சியாக எழுதிக்கொண்டார், குற்றவாளியாக அல்ல.

அடுத்த மாதமே அந்தப் பையன் பிடிபட்டான். அடையாளம் காட்டியது கலியமூர்த்தி. போலீஸ் விசாரணை முடியும்வரை நிவேதாவின் கோப்பு நகரவில்லை. அந்த அணி அவள் இல்லாமலே பயிற்சிக்குப் போனது. அதற்கடுத்த அணியில் சேர்ந்துவிட்டாள். இப்போது உங்களைப் போலவே எங்கோ சீருடையில் இருக்கிறாள். சரோஜா இன்றும் என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். அது அவருடைய நியாயம். வேன் நிலைய முற்றத்திலேயே நிற்கிறது. சக்கரங்களில் காற்று இல்லை, மதில் சுவரை முட்டுவதுபோல் நிற்கிறது. கழுதை மட்டும் வண்டி போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கோர்ட்டில் வழக்கு முடியும்வரை யாரும் சுரண்ட முடியாது. கலியமூர்த்தி பஸ்ஸில் வந்தால் நிலையத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, வேறு தெரு வழியாக நடந்து போகிறான்.

குறி கேட்டு வருபவரிடம் பெயரைக் கேட்டு, பிரிவின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வரையுங்கள் என்று உங்களுக்குச் சொல்லி இதை முடித்திருப்பேன். சுலபமான புத்திமதி, தவறும் இல்லை. ஆனால் இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் இதுவரை எழுதியது அரைகுறையாகிவிடும்.

அந்தப் பையன் சொன்ன கதை முழுக்கப் பொய் என்றுதான் நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். விசாரணையில் அவன் மற்றதையெல்லாம் மாற்றி மாற்றிச் சொன்னான். அப்பா பெயரை மட்டும் மாற்றவில்லை. நம் பிரிவில் பணியின்போது இறந்தவர்களின் பெயர்களை நான் பல வருடமாகச் சேர்த்து வருகிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன். அதில் அந்தப் பெயர் இருக்கிறது. டிரைவர், மலைப்பாதையில் இறந்தவர். ஊர் என்ற இடம் என்னிடம் காலி. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டு நிரப்பவில்லை. அரிதான பெயரும் அல்ல.

கலியமூர்த்தியிடம் சொன்னேன். அப்போதுதான் அவன் இதைச் சொன்னான். தான் காதை வரையத் தொடங்கும் முன்பே அந்தப் பையன் பக்கத்தில் குனிந்து, "ஒரு காது பின்னாடி பாக்கணும்லண்ணே?" என்று கேட்டானாம்.

நம் லாரிகள் ஊரெல்லாம் ஓடுகின்றன. சாலையில் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். வீட்டில் யாரோ சொல்லியும் இருக்கலாம். அப்படி யாராவது சொல்லியிருந்தால், நமக்குப் பின்னால் வந்த ஒரு வண்டியின் விளக்கு அணைந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, நம் வரிசையில் ஒருவரும் அந்தப் பிள்ளைக்காக நிற்கவில்லை என்று அர்த்தம்.

ஆவணக் காப்பகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. அவன் நம்மவரின் பிள்ளைதானா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.